சிவபாலனின் திதி வெண்பா

நவம்பர் 8, திங்கள்

தூறல். ஹீட்டர் மறுபடி வேலை செய்யவில்லை. தங்கை தவம் போன் எடுத்தாள். அவள் புருஷன் சிவபாலனின் முப்பத்தோராம் நாள் 25ஆம் திகதி. அன்று வருபவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகத்துக்கு வாழ்க்கை வரலாற்றை மகள் எழுதிவிட்டாளாம். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா மட்டும் பாக்கி.

“நாலு வரிதானே அண்ணை. உங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.”

உண்மைதான். போன மாதம் குரோய்டனில் ஒரு டொக்டரின் தாயாருக்கு பஸ்ஸில் போகும்போதே எழுதி முடித்தேன்.

இன்று செய்தவை: கெற்றிலில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டியது. பழைய பேப்பர்களைத் திகதிவாரியாக அடுக்கியது. வெண்பா, இல்லை.

நவ. 10, புதன்

குளிர். ஷிப்ட் 7–3. முதல் சொல்லே வரவில்லை. எதுகை தேடினால் கோபம் வருகிறது.

84இல் லண்டன் வந்த புதிதில் தவம் வீட்டுச் சின்ன அறையில் எட்டு மாதம் இருந்தேன். வேலையும் சிவபாலன்தான் எடுத்துத் தந்தான். மறுக்கவில்லை. ஆனால் வருகிற விருந்தாளிக்கெல்லாம்: “எங்கட மச்சான் புலவர். வெண்பாவுக்கு இஞ்சை ஷிப்ட் இல்லையாம், அதாலை பெற்றோல் ஷெட்டிலை விட்டனான்.” தவமும் சிரிப்பாள். ஒன்பது வருடம், அதே பகிடி.

ஆகவே காரணம் கோபம். ஆனால் கோபம் வந்தால் எனக்கு எழுத்து ஓடுமே? கவுன்சிலுக்கு எழுதிய முறைப்பாடு ஒரே இருப்பில் ஆறு பக்கம்.

நவ. 13, சனி

மூடுபனி. நல்ல சிக்கல் ஒன்று கிடைத்தது. அவன் போனது 26ஆம் திகதி மத்தியானம், ஏகாதசி முடிகிற நேரம். விம்பிள்டனில் ஓர் ஐயர் ஏகாதசி என்கிறார். ஊர்ப் பஞ்சாங்கத்தின் நேரத்தை லண்டன் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் துவாதசி பிறந்துவிட்டது என்கிறார் வெம்பிளியில் இன்னொருவர். இது தீராமல் எப்படி எழுதுவது?

மனம் இலேசாகிவிட்டது. இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஏன் இலேசானது?

நவ. 16, செவ்வாய்

தவம் மறுபடி. திதிப் பிரச்சினையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அண்ணை, வருசா வருசம் திவசத்துக்குச் சமைக்கப்போறது நான். ஏகாதசி எண்டே போடுங்கோ. வெள்ளிக்கிழமை அச்சடிக்கினம். பிந்தினால் புத்தகம் அண்டைக்கு வராது.”

“நாளைக்குத் தாறன்.”

“ஓம்.”

அந்த ஓமில் ஒரு களைப்பு.

காரணங்கள்:
1. கோபம்.
2. சோம்பல். (மற்ற வேலை எல்லாம் செய்கிறேனே.)
3. நன்றாக வந்துவிட்டால், என் வெண்பாவுக்குச் சாவு வீட்டில்தான் வேலை, அவன் பகிடி சரியென்று ஆகிவிடும்.
4. எழுதி முடித்தால் அவன் போனதும் முடிந்துவிடும். பிறகு யாரோடு மல்லுக்கட்டுவது?

நாலாவதை வெட்டினேன். திரும்ப எழுதினேன். ஒன்றும் விளங்கவில்லை.

நவ. 17: இல்லை. 18: இல்லை.

நவ. 19, வெள்ளி

வெயில். ஆறு மணிக்கு எழுந்து மேசையில் உட்கார்ந்தேன், இருபது நிமிஷத்தில் வெண்பா முடிந்தது. தளை சுத்தம். இத்தனை நாள் எங்கே இருந்தது, தெரியாது.

பத்து மணி, வெம்பிளி அச்சகம். முதலாளி குகன் புரூஃபை நீட்டினார்.

“இதைப் பாக்கத்தானே வந்தனீங்கள் மாஸ்டர்? நேற்றுத் தவம் அக்கா தானே எழுதிக் கொண்டந்து தந்தவ. பிழை கிடந்தால் திருத்துங்கோ.”

நான்கு வரி. முதல் இரண்டு:

ஐப்பசிப் பூர்வபக்க ஏகாதசி, செவ்வாய் மத்தியானம்
சாப்பாடு போடச் சொன்னவர் சாப்பிடவில்லை

சீர்க் கணக்கு இல்லை, தளை இல்லை. வெண்பாவே இல்லை. குகன் சிவப்புப் பேனா தந்தார். ஓர் எழுத்தையும் தொடவில்லை, என் வெண்பாவையும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மதிப்பா, வழக்கம்போலத் தள்ளிப்போட்டதா?

“அப்படியே அடியுங்கோ,” என்றேன்.

மத்தியானம் தவம் போன் எடுத்தாள். “நீங்கள் எழுதினது ஏதும் கிடக்கோ அண்ணை? இருந்தால் என்ரையை எடுக்கச் சொல்லுறன்.”

“இல்லை. எழுதேல்லை.”

“அது எனக்குத் தெரியும்,” என்றாள்.