மூன்றாவது ஆட்டம், நீ இல்லாமல்

என் தங்கம் தேவி,

உலகக் கோப்பைக் கால்பந்தின் குரூப் ஆட்டங்கள் நேற்றோடு முடிந்துவிட்டன. நீ தேர்ந்தெடுத்த அணி வெளியேறிவிட்டது. இதை உன்னிடம் நான்தானே சொல்ல வேண்டும்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, எந்தக் குரூப்பில் யார் யார் என்று போனில் பார்த்தாயே. முதல் தடவையாக உள்ளே வந்த ஒரு சின்ன நாட்டைக் காட்டி, "இதான்க்கா நம்ம டீமு" என்றாய். பெரிய அணிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்றேன். "தோத்தாலும் மூணு மேட்ச் ஆட உடுவாங்க இல்ல? அது போதும்" என்றாய். போட்டி தொடங்குவதற்குள் நீ போய்விட்டாய்.

இந்தத் தடவை பார்ப்பதில்லை என்றுதான் இருந்தேன். பட்டாபிராம் மைதானத்தில் நீ கோல் கீப்பர், உனக்கு முன்னால் நான் டிஃபெண்டர். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் ஆவடி குவார்ட்டர்ஸில் உன் வீட்டு டிவி முன்னால்தான் உட்கார்ந்தோம். அந்தப் படியேற எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது ஆட்டத்தன்று விடிகிற நேரம். நெமிலிச்சேரியில் என் வீட்டுக் கதவை உன் வீட்டுக்காரர் மூர்த்தி தட்டினார். ஷேவ் செய்யாத முகம்.

"அக்கா, தேவி டீமு ஆடப் போவுது. மொத ரெண்டு மேட்ச்சும் தனியா பாத்தேன். இன்னா நடக்குதுன்னே புரியல. நீ வந்து சொல்லுக்கா."

மேட்ச் பார்த்து நாம் கத்தினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மனிதர், தேவி. உன் வீட்டுக்குப் போக அவர் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது டிரா. இதில் ஜெயித்தால் அடுத்த சுற்று. கடைசிப் பத்து நிமிடம் வரை ஆளுக்கொரு கோல். ஆஃப்சைடு என்றால் என்னவென்று விளக்கினேன்; தலையாட்டினார், புரிந்ததா தெரியவில்லை. அப்போது நம் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டு, எதிரணிக்குப் பெனால்டி.

மூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். "தேவியா இருந்தா எந்தப் பக்கம் பாய்வாக்கா?"

"பாயமாட்டா. அடிக்கிறவங்க கால் பந்துல படற வரைக்கும் அசையாம நிப்பா."

திரையில் கீப்பர் முன்கூட்டியே வலப்பக்கம் விழுந்தான். பந்து நேராக நடுவில் போனது. நின்றிருந்தால் கையிலேயே வந்திருக்கும்.

ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் நம் பையன்கள் புல்லில் உட்கார்ந்து அழுதார்கள். மூர்த்தி டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"அவ ஆடி நான் ஒரு தபாகூடப் பாத்ததில்லக்கா. கேட்டதும் இல்ல. எப்படி நிப்பான்னு உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

அதனால் சொல்ல ஆரம்பித்தேன். மழையில் சேறான மைதானத்தில் அம்பத்தூர் அணியோடு ஆடிய அந்த ஆட்டம். உன் சுண்டு விரல் ஒடிந்தும் வெளியே வரமாட்டேன் என்று நீ நின்றது. துணி சுற்றிய கையால் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டது. வேலைக்கு, காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப மறந்து மூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வளைஞ்ச வெரலா?" என்றார். "கதவுல நசுங்கிச்சுன்னு இல்ல சொல்லிக்கினு இருந்தா?"

அதற்குப் பிறகுதான் அழுதார். நீ போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஏன் அவரிடம் மறைத்தாய், தேவி? அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாயா? உன்மேல் கோபம்கூட வந்தது. பிறகு அவருக்குக் காபி போட எழுந்தேன். உன் அடுக்களையில் சர்க்கரை டப்பாவை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராம் மைதானத்துக்குப் போகிறோம். கேட்டது அவர்தான். நீ நின்ற இடத்தில் அவரை நிறுத்தி, நான் பந்தை அடிக்கப்போகிறேன். மெதுவாகத்தான் அடிப்பேன், சத்தியம்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
கலா