பழைய ஆட்களுக்குப் பொருந்தாது

ஜனவரி 9

என் அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கத்தைத் தவிர. நேற்று டிவியில் நிதியமைச்சர் பேசியதைக் கேட்டீர்களா? "மந்தம் முடிந்தது, இனி எல்லாருக்கும் வேலை கொடுப்பதுதான் அரசின் முதல் வேலை" என்றாரே! புது ஆட்களைச் சேர்க்கும் தொழிற்சாலைக்கு ஒரு வருடம் பாதிச் சம்பளத்தை அரசே கொடுக்கும் என்றாரே! அந்தத் திட்டத்தை எழுதியது உன் தம்பி. எங்கள் துறை இயக்குநர் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. அத்தானுக்கும் இதில் ஏதாவது அமையும், பார்.

உன் செல்லத் தம்பி

பிப்ரவரி 3

தம்பி,

ஃபோனில் சொன்னால் பாதியில் "மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

வேலை போனதிலிருந்து அத்தானுக்கு டிவியோடுதான் சண்டை. அமைச்சர் பேசிய அன்றைக்கு மட்டும் கைதட்டினார். தட்டிய கை ஓய்வதற்குள் எனக்கும் வேலை போய்விட்டது.

பதறாதே, முழுவதும் கேள். ஊரில் மூடாமல் தப்பியது எங்கள் ஃபிரிட்ஜ் தொழிற்சாலை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை, கதவுக்கு ரப்பர் பட்டை பொருத்தும் எங்கள் பிரிவு முழுவதையும் கூப்பிட்டு, டீயும் கேக்கும் கொடுத்து, வேலையிலிருந்து நீக்கினார்கள். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போங்க. அடுத்த மாசம் புது ஆளா வந்து சேருங்க. பாதிச் சம்பளம் கவர்மென்ட் தரும்" என்கிறார். புது ஆள் என்றால் புது ஆளுக்கான சம்பளம்தான். இத்தனை வருட சர்வீஸும் அம்போ. நான் தொழில் கற்றுக்கொடுத்து, இப்போது வேறு பிரிவில் இருக்கிற பெண் எனக்குப் பயிற்சி கொடுப்பாளாம்! கேக் மட்டும் நன்றாக இருந்தது.

இவ்வளவு படித்தாயே, இதுகூடவா உன் மூளைக்கு எட்டவில்லை? சரி, போகட்டும். ஒன்றாம் தேதி போய்ச் சேர்ந்துவிடுவேன். இந்த வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அதுதான். யாரிடமாவது புலம்பாவிட்டால் மண்டை வெடித்துவிடும், அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ ஒன்றும் செய்யாதே.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து ரத்தம் கொதித்தது. நேராக இயக்குநர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "நம்ம தலையிலயே மிளகாய் அரைக்கிறாங்களா!" என்று கத்தினார். நேற்றே திருத்தம் வந்துவிட்டது. அதே தொழிற்சாலையில் முன்பு வேலை பார்த்தவர்களைச் சேர்த்தால் இனி அரசுப் பணம் கிடையாது. உங்களை நீக்கியதால் அவர்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பழைய சம்பளத்திலேயே திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். "ஒரு சாதாரணத் தொழிலாளியின் கடிதம் அரசின் கண்ணைத் திறந்தது" என்று அமைச்சர் சொன்னாரே, அது நீதான்! நிம்மதியாகத் தூங்கு.

தம்பி

மார்ச் 12

அக்கா,

ஏன் பதிலே இல்லை? சேர்ந்துவிட்டாயா? வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். ஒரு வரி போதும். ஆபீஸில் எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் அடங்கவில்லை.

ஒன்றாம் தேதி போனேன். சூப்பர்வைசர் என்னை கேட்டிலேயே நிறுத்திவிட்டார். "நீங்க நல்லா வேலை செய்றவங்கதாம்மா. ஆனா உங்கள எடுத்தா முழுச் சம்பளமும் நாங்க தரணும். வெளியாள எடுத்தா பாதிதான். நான் என்ன பண்ணட்டும்?" என்றார். எங்கள் பிரிவில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அதுகளைத் திட்டி என்ன பிரயோஜனம், அதுகளும் வேலை இல்லாமல் கிடந்ததுகள்தானே. அமைச்சர் அதையெல்லாம் புது வேலை என்று எண்ணிக்கொள்ளட்டும்.

அந்தச் சாதாரணத் தொழிலாளி யார் என்பதை, பெருமை தாங்காமல், அத்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் நாலு திட்டுத் திட்டி ஆற்றிக்கொள்ளலாம். உன்னை என்ன சொல்லித் திட்ட?

இதற்குப் பதில் போடாதே. போட்டால் படிப்பேன். படித்தால் மனசு இளகி நானும் எழுதிவிடுவேன். நான் எழுதினால் நீ எதையாவது சரிசெய்வாய்.

அக்கா