மூணாவது கட்டில்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணி நின்னுக்கிட்டே சாப்பிடுங்க. சாப்பாட்டு மேஜை இருந்த இடத்துலதான் உங்க முதுகெலும்பு கிளினிக்கோட மூணாவது கட்டில் கிடக்கே.

கிளினிக் சாவி டிராயர்ல இருக்கு. நாளையிலேர்ந்து எனக்குப் பதிலா போன் எடுக்க வர்ற பொண்ணுகிட்ட கொடுத்துடுங்க. நான் வர்றவங்ககிட்ட ஊர்க்கதை பேசி நேரத்தைக் கரைக்கிறேன்னு வேலைக்காரங்க முன்னாடியே சொன்னீங்க. இனி அந்தக் குறை இருக்காது. அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க: சாயங்காலம் வர்ற ரிட்டயர்டு டிரைவருக்குக் காது மந்தம், எதையும் ரெண்டு தடவை சொல்லணும். நான் பேசின ஊர்க்கதை அதுதான்.

மேஜையை நாம ரெண்டு பேரும் தூக்கி வெளியே போட்ட அன்னைக்கே என் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சொன்னா, 'அப்பாயின்ட்மென்ட் புக்குல எழுதிக்கோ, பதினஞ்சு நிமிஷம் தர்றேன்'னீங்க. நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் என் பேரை அடிச்சுட்டு அங்க புதுசா வந்தவங்களைப் போட்டீங்க. ஊர் முதுகையெல்லாம் நிமிர்த்துறவர் வீட்டுல நான் சுவரைப் பிடிச்சு நடக்கிறேன்.

இன்னைக்கு வேற டாக்டரைப் பார்க்கப் போறேன். அப்புறம் அக்கா வீட்டுல இருப்பேன். எத்தனை நாள்னு கேக்காதீங்க.

பால்காரர் வந்தா ஒரு பாக்கெட் போதும்னு சொல்லுங்க.

சீட்டுலயும் இடம் இல்லை, ஓரத்துல எழுதுறேன். அந்த டாக்டர் போன்லயே கேட்டார், வீட்டுல இடுப்புக்கு மருந்து தேய்ச்சுவிட ஆள் இருக்காங்களான்னு. இல்லைன்னேன். பொய் சொன்ன மாதிரியே தோணலை.