தொடாத சந்தேஷ்

இன்று ஆட்சிக்குழுக் கூட்டத்தில் என் முன்னால் சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்றை வைத்தார்கள். புது ஈச்சவெல்லத்தில் செய்தது. வாசனை தட்டைத் தாண்டி வந்தது. நான் தட்டைச் சற்றுத் தள்ளிவைத்தேன். நீ கற்றுக்கொடுத்த பழக்கம், நண்பா.

நாம் இருவரும் குழுவுக்குள் வந்த புதிதில், சாதாரணக் கூட்டங்களுக்கு நமத்த பிஸ்கட்தான். விடுதிச் சமையலைக் காண்டிராக்டருக்கு விட்ட அன்று, இந்த ஊர் சமோசாவான சிங்காடா சூடாக வந்தது. மைதானத்தின் ஓரம் கார் நிறுத்துமிடமான அன்று பெரிய ரசகுல்லா போன்ற ராஜபோக். டாலிகஞ்ச் மெட்ரோவில் தொங்கிக்கொண்டே கோட்பாட்டை வகுத்தாய்: "ஸ்வீட் நல்லா இருந்தா அஜெண்டாவுல கடைசி ஐட்டத்தைப் படிடா. ஆட்சேபம் உண்டான்னு கேக்கறப்ப வாய் காலியா இருக்கணும்."

வெள்ளைக்காரன் காலத்து வங்காளப் பல்கலைக்கழகம். சுவரில் மாட்டியிருக்கும் துணைவேந்தர்கள் மட்டுமே நிரந்தரம். நாற்காலியில் அமர்பவர்கள் எல்லாரும் இடைக்காலப் பொறுப்பு. யார் வந்தாலும் போனாலும் இனிப்பு மட்டும் தவறாமல் வருவதை நிர்வாகத் தொடர்ச்சி என்பாய்.

உன் மேலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் தொடாத என் பங்கைக் கூட்டம் முடிந்ததும் நீதான் சாப்பிடுவாய். கோட்பாடே இதற்காகத்தானா என்று கேட்டேன். "ஆராய்ச்சிக்கு ஆதாரம் வேண்டாமா?" என்றாய், வாய் நிறைய.

இன்று முதல் பொருள் உனக்கான இரங்கல் தீர்மானம். எழுந்து நின்றோம். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உட்கார்ந்ததும் சந்தேஷ் வந்தது. உனக்காக வாங்கியது என்று நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனாலும் அஜெண்டாவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். நீ ஒற்றை ஆளாக நடத்திய தமிழ்ப் பிரிவு, 'பணியிடம் காலியானதை முன்னிட்டு', பண்பாட்டுத் துறையோடு இணைக்கப்படுகிறது. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் உன் மாணவர்கள், வீட்டில் காதில் விழும் மொழியை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், இனி எங்கே போவார்கள் என்று ஒரு வரியும் இல்லை.

பதிவாளர் ஆட்சேபம் உண்டா என்றார். மேஜை நெடுகத் தாடைகள் அசைந்துகொண்டிருந்தன. எனக்கு உண்டு என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். "தாதா, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று வங்காளத்தில், அண்ணன் முறை வைத்துக் கரிசனமாக விசாரித்தார்.

சுகர் இல்லை, அந்த மாணவர்களைப் பற்றிய பதில்தான் வேண்டும் என்றேன். பதிவாளர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். இணைப்பை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது என் தட்டுப் பக்கம் ஒரு கையும் நீளவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, சந்தேஷைக் காகிதத்தில் மடித்துப் பாலிகஞ்சில் என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். இதை எழுதும் மேஜையில்தான் இருக்கிறது. அறையெல்லாம் வெல்ல வாசனை. இன்னும் தொடவில்லை. இணைப்பை ஒத்திவைத்துத்தானே இருக்கிறார்கள், கைவிடவில்லையே.