ஹாஜராவின் வாயில் உன் வசனங்கள்

இன்று பகல் புது வகுப்புக்காகப் படக்கார்ட் டப்பாவைத் திறந்தேன். கராம்பு மணம் மூக்கில் அடித்தது. பஸ்ஸில் தலை சுற்றாமல் இருக்கக் கன்னத்தில் ஒரு கராம்பை அடக்கிக்கொள்வாய். வகுப்பிலும் அதைத் துப்பமாட்டாய். கராம்பு எடுத்த விரலாலேயே தொட்டுத் தொட்டு நாய், குடை, டாக்டர் என்று எல்லாப் படமும் உன் மணமாகிவிட்டது. நீ கண்ணை மூடி மௌத்தாகி ஒரு வருடம் கழிந்துவிட்டது. டப்பாவை மூடிவிட்டு இதை எழுதுகிறேன், ஏனென்றால் உன் வகுப்பு ஹாஜராவுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

நம் அக்கரைப்பற்று வகுப்பு உனக்கு மறந்திருக்காது. நெல்லுக்கடைக்கு மேல்மாடி, லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட பெண்கள். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்கள் தட்டிக்கு இந்தப் பக்கம் என்னிடம். ஒரு சொல்லும் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் உன்னிடம். உன் பக்கத்தில் மாதக்கணக்கில் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். நீ மட்டும் படத்தைக் காட்டிக் காட்டி, உன்னைப் பற்றியே சின்னச் சின்ன ஆங்கில வசனங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பாய்.

"என்னகா, ஊமைகளுக்கா வகுப்பு எடுக்காய்?" என்று சீண்டுவேன்.

"வாய மூடி இரிக்கிறவ காத மூடி இல்ல புள்ள. பாஷ உள்ளுக்க போய்க் குந்தட்டும். தானா வரும்" என்பாய்.

அதை வைத்துத்தான் கடைசியாகச் சண்டை பிடித்தோம், அதுவும் இந்த ஹாஜராவுக்காக. நாலு மாதம் அவள் ஒரு சொல் பேசவில்லை. என் பக்கம் அனுப்பு, நான் பேசவைக்கிறேன் என்றேன். முடியாது என்றாய். பிறகு கல்முனையிலிருந்து ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் போய் வந்தோம். ஒரு மாதம் அப்படி. நீ ஆஸ்பத்திரிக்குப் போனது கூட எனக்குத் தெரியாது. உன் ஜனாஸா வீட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் போன் வந்தது.

உன் நாற்பதாம் நாள் கழிந்து உன் பக்கத்தையும் நானே எடுத்தேன். ஹாஜரா வரிப்பத்தான்சேனையிலிருந்து வருகிறவள், வேளாண்மைக் குடும்பம். ஒரே மகள் இங்கிலாந்தில், ஏழு மாதக் கர்ப்பம், பக்கத்தில் உதவிக்கு ஆளில்லை. பிரசவத்துக்குத் தாய் போய்ச் சேர வேண்டும். அதற்குக் கொழும்பில் விசாக்காரர்கள் ஆங்கிலத்தில் கேட்கிற நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஆங்கிலத்தில் பெயர் கேட்டேன். அத்தனை மாதம் திறக்காத வாய் திறந்தது.

"மை நேம் இஸ்" என்று தொடங்கி உன் பெயரைச் சொன்னாள். கல்முனைக்குடியில் இருக்கிறேன் என்றாள். "ஐ ஹேவ் நோ சில்ரன்" என்றாள். கடல் என்றால் எனக்குப் பயம் என்றாள். அவ்வளவும் நீ உன்னைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவை. அது மட்டும் என்றால் சிரித்திருப்பேன். குரலும் உன்னுடையது. வசனத்தின் கடைசியை இழுத்து இறக்குகிற அதே மாதிரி, நடுவில் கராம்பைக் கன்னம் மாற்றுகிற அந்தச் சின்னச் சத்தம் கூட. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கராம்பு இல்லை. பின்வரிசையில் ஒருத்தி பயந்துபோய் "அஊது பில்லாஹ்" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

இதற்கு விளக்கம் எனக்குத் தெரியும். புதிதாக ஒரு பாஷையைத் திறக்கிறவர்கள் சொல் சொல்லாகப் பொறுக்குவதில்லை. கேட்ட வசனத்தை வேரும் மண்ணுமாகத் தூக்கி வருவார்கள். அதில் வரும் 'நான்' யார் என்றுகூடப் பார்க்கமாட்டார்கள். பயிற்சிக் கல்லூரியில் நாம் சேர்ந்திருந்து படித்த பாடம்தானே? படித்து என்ன, அன்று பஸ்ஸில் உன் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாளே அவளுக்கு அவளுடைய பெயரை, அவளுடைய ஊரைச் சொல்லப் பழக்கியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, உன் கார்ட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். குடையைக் காட்டினால், உம்மாவின் குடை கறுப்பு என்றாய். நாயைக் காட்டினால், இறந்தவர்களை அடக்கும் மையவாடிப் பக்கத்து நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை என்றாய். 'என்றாள்' என்றுதான் எழுத வேண்டும். நாளுக்கு ஒரு கார்ட் என்று வைத்துக்கொண்டேன், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று. அஸர் பாங்கு சொல்லும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

டாக்டர் படத்தை எடுத்த நாள் அவள் சொன்னது இது: "செவ்வாய்க்கிழமை நான் டாக்டரிடம் போனேன். கட்டி பெரிது என்றார். என் தோழியிடம் சொல்லவில்லை. அவள் அழுவாள்."

மற்றப் பெண்களிடம் ஓடிப் போய்க் கேட்டேன். "ஓம் டீச்சர், அப்பிடித்தான் என்னமோ சொல்லித் தந்தாங்க. எங்களுக்கு என்ன விளங்கின? டாக்டர்ர படம் எண்டு மட்டும் தெரியும்" என்றார்கள்.

விளங்காதவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறாய். பக்கத்தில் ஒரு தட்டி, அதற்கு இந்தப் பக்கம் நான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகை பிறகுதான் வந்தது.

இன்னும் ஒரு கார்ட் மிச்சம் இருந்தது. கைகோர்த்து நிற்கும் இரண்டு பெண்கள், 'தோழி'. நம் சண்டைக்குப் பிறகு அந்தப் படத்தைக் காட்டி நீ என்ன சொன்னாய் என்று மற்றவர்களிடம் விசாரித்தேன். ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை. ஹாஜராவின் வாயில் மட்டும்தான் அது இருந்தது.

அடுத்த நாள் அந்தக் கார்ட்டை மேசையில் எடுத்து வைத்தபோது அவளுடைய புருஷனும் கூட வந்து நின்றார்.

"டீச்சர், ஊட்டயும் இப்பிடித்தான். மா பெசையக்குள்ள ஆரோ ஒரு பொம்புள கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா. பள்ளிவாசல் லெப்பைக்கிட்ட தண்ணி ஓதிக் குடுத்தம், மாறல்ல. கொழும்புக்குப் போக இன்னும் ரெண்டு கிழமதான் இரிக்கி."

விசாக்காரர்கள் கேட்கிற மாதிரியே கேட்டேன்: உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

"நோ. ஐ ஹேவ் நோ சில்ரன்." சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள். உன் குரல்.

அந்த மனிதருக்கு 'நோ சில்ரன்' மட்டும் விளங்கியிருந்தது. "அப்ப எங்கட புள்ள ஆருடி?" என்றார். அவளுக்கு அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்றே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய மனைவியை இத்தனை நாளும் நான் ரேடியோவாக வைத்திருந்தேன்.

அப்போது அவள் கண் மேசையில் இருந்த படத்தில் விழுந்தது. நான் கேட்காமலே தொடங்கினாள். "மை ஃப்ரெண்ட் இஸ் ஆங்ரி வித் மீ. பட்..." கராம்பு கன்னம் மாறும் சத்தம் கேட்டது. அடுத்த சொல் வரப்போகிறது.

என் கை அவள் வாயைப் பொத்தியது.

ஏன் என்று உனக்கு விளங்கும். இன்னும் ஒரு வசனம் உன் குரலில் கேட்டிருந்தால், அடுத்த நாளும் கேட்டிருப்பேன். விசா முடியும்வரை, மகளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

கார்ட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு அவள் மகளின் போட்டோவை மட்டும் மேசையில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "ஹாஜரா. ஹாஜராவின் மகள். மகளின் பிள்ளை" என்று ஆங்கிலத்தில் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் முறைதான், சிரிக்காதே. ஐந்து நாள் அவள் ஒரு சொல் பேசவில்லை. ஆறாம் நாள் "டோட்டர்" என்றாள். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிட்டுப் பழகிய கரகரத்த குரல். அவள் குரலை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு "மை டோட்டர். பேபி. ஐ கோ" என்று துண்டு துண்டாக வந்தது. அவள் அழுதாள். உன் குரல் பிறகு வரவில்லை.

விசா கிடைத்தது. பேரன் பிறந்து, இப்போது தவழ்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்து போன் எடுத்து, "டீச்சர், பேபி ஸ்லீப்" என்று பெருமையோடு சொல்வாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வருகிறது. உன் தோழிக்குக் கோபம் என்று சொல்லிவிட்டு, 'ஆனால்' என்று நீ ஒரு சொல் வைத்தாயே, அதற்குப் பிறகு என்ன? அந்த 'ஆனால்' மட்டும்தான் நீ எனக்கு விட்டுப்போனது. பஸ்ஸிலும் சமையலறையிலும் தொழுகைப் பாயிலும் அது என்னோடு இருக்கிறது.

கேட்டால் அவள் உன் குரலில் தொடங்கிவிடுவாளோ என்ற பயம் பாதி, தொடங்கமாட்டாளோ என்ற பயம் பாதி. பிள்ளை பால் குடிக்கிறானா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.