கோல்கீப்பர் இடத்தில் மாமா

மார்ச் 3, செவ்வாய்

பத்து பேர் முடிந்தது. கோல்கீப்பர் மட்டும் பாக்கி.

மூன்று வாரமாக இந்தப் பட்டியல்தான் பிழைப்பு. எல்லாக் காலத்துக்கும் சிறந்த பதினொரு பேர். பழைய பத்தாம் நம்பர் சட்டைக்காரருக்கும் இடம் உண்டு, புதிய பத்தாம் நம்பருக்கும் இடம் உண்டு. அதற்காக ஏழாம் நம்பரைத் தூக்கி வெளியே உட்கார வைத்திருக்கிறேன். ஏழின் ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பரவாயில்லை. நாலு தடுப்பாட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒன்பது நாள் ஆனது. அந்த லெஃப்ட் பேக்கின் பழைய ஆட்டம் ஒன்றைப் பாதி வேகத்தில் ஓட விட்டு நாலு தடவை பார்த்தேன். யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் இன்று கூட்டம் இல்லை. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிறு நாலு மணி கால்பந்து அரட்டை நேரலையில் இரண்டாவது நாற்காலி அவருடையது. மூன்றாவது நாற்காலி ஒரு மாதமாகக் காலி. எனக்கு அது வேண்டும். வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"நீ பொறந்ததுக்கு அப்புறம் நடந்த ஆட்டத்தை மட்டும் பேசும்மா," என்றார். மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

மார்ச் 4, புதன்

என் போனில் பட்டியல் செய்கிற செயலிக்கு ஒரு கெட்ட பழக்கம். பதினொரு கட்டத்திலும் முகம் இருந்தால்தான் சேமிக்கும். ஒரு கட்டம் காலி என்றால் மொத்தத்தையும் துடைத்துவிடும். அதனால் தற்காலிகமாக, இருக்கட்டும் என்று, கையில் கிடைத்த ஒரு படத்தை கோல்கீப்பர் கட்டத்தில் போட்டு வைத்தேன். மாமா படம்.

அம்மாவின் தம்பி. ஃப்ரிட்ஜ் ரிப்பேர். போன வருஷம் நான் எடுத்த படம். லாரியிலிருந்து இறக்குகிற கம்ப்ரசரைப் பிடிக்கக் கையை விரித்துக் குனிந்து நிற்கிறார். கோடு போட்ட சட்டை, கையில் தடித்த உறை. கட்டத்துக்குள் வெட்டிப் போட்டதில் லாரியும் இல்லை, கம்ப்ரசரும் இல்லை. செயலி எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்கிவிட்டது. பெயர் போடவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆட்கள் பார்ப்பார்கள், அதனால் நாளை ஒரு மணிக்கு என் பக்கத்தில் தானாக வெளியாகும்படி வைத்திருக்கிறேன். காலையில் கோல்கீப்பரை மாற்றிவிட வேண்டும். மறக்கக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

மறந்துட்டேன்.

காலையில் ஒரு பள்ளிக்கூடமே கண்ணாடிக்கு வந்து நின்றது. நிமிர்ந்தபோது மணி இரண்டரை. போனை எடுத்தால், பதினொரு கட்டம், பதினோராவதில் எங்க மாமா.

அழிக்கப் போனேன். அதற்குள் முதல் கருத்து: "கோல்கீப்பர் தேர்வுக்குத் தலை வணங்குகிறேன்."

இரண்டாவது: "பேரே போடல பாருங்க. பேர் தேவைப்படாத ஒரே ஆள்."

மூன்றாவதாக ஒரு பாவம், "இவர் யாரு?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு முப்பத்தெட்டு பதில். "தெரிஞ்சவனுக்குத் தெரியும்." "நீ எப்ப தம்பி ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்ச, நேத்தா?" அவர் கேள்வியை அழித்துவிட்டு, "விளையாட்டுக்குக் கேட்டேன், அவரைத் தெரியாம இருக்குமா" என்று போட்டார்.

அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. ஏழாம் நம்பர் இல்லை என்று திட்டக்கூட ஆள் இல்லை.

அழிக்கவா வேண்டாமா? சாயங்காலம் நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். என் பக்கத்தை இதுவரை பின்தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் இரண்டு நானே.

மார்ச் 6, வெள்ளி

லென்ஸ் அண்ணன் மெஷினை நிறுத்தினார். நான் வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை.

"உன்னை என்னவோன்னு நெனச்சுட்டேன்மா. அந்தப் படத்தை எங்க புடிச்ச?"

"எங்க வீட்டுல இருந்துச்சுண்ணே."

"வீட்டுல வச்சிருக்கியா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அவரை நேர்லயே பாத்திருக்கேன். கொட்டற மழை. வலைக்குப் பின்னாடி நிக்கறேன், ஒரு கை தூரம். அந்த முகத்தை மறக்க முடியுமா சொல்லு."

படத்தைப் பார்த்தால் எழுபது வருஷப் பழசு மாதிரி இருக்கிறது. அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. அது எங்க மாமா என்று சொல்லியிருக்கணுமோ? அடுத்த நிமிஷம் அவர் சொன்னார்: பதினைந்தாம் தேதி நேரலைக்கு வா, பட்டியலைக் கேட்பார்கள், பதில் சரியாக இருந்தால் மூன்றாவது நாற்காலி உனக்குத்தான்.

மார்ச் 7, சனி

மூன்றாவது நாற்காலி. மூன்றாவது நாற்காலி. மூன்றாவது நாற்காலி.

மார்ச் 8, ஞாயிறு

மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் பார்க்கப் போன வீட்டில் யாரோ சாப்பிட்டுக்கொண்டே போனில் காட்டியிருக்கிறார்கள். இவர் பக்கத்தில்தான் நிற்கிறார், அவர்களுக்குத் தெரியவில்லை.

திட்டுவார் என்று பயந்தேன். வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"எனக்கு என்ன நம்பர் சட்டை பாப்பா?"

"ஒண்ணு மாமா."

"ஒண்ணா." மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தார். "பரவாயில்லையே."

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "உன் தம்பி வாழ்க்கையில பந்தைத் தொட்டதே கிடையாது," என்றார் அம்மாவிடம்.

"அதான் ஒரு கோல் விட்டான்னு எவனாலயும் சொல்ல முடியல," என்றாள் அம்மா.

"இவன் இருக்கலாம்னா நான் ஏன் இருக்கக் கூடாது? ஏம்மா, இந்த லெஃப்ட் பேக்குன்னா என்ன பண்ணணும்?"

"இடது பக்கம் மேலயும் கீழயும் ஓடணும்பா."

"ரேஷனுக்கும் வீட்டுக்கும் அதைத்தானே பண்றேன்," என்றார். அதோடு எழுந்து போய்விட்டார். என் லெஃப்ட் பேக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

புள்ளிவிவரம் வந்துவிட்டது. மாமா ஆடியது நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டமாம். அதில் கோலே விடாதது இருநூற்று முப்பத்தொன்று. எங்கிருந்து எடுத்தார்கள்? உடனே ஒருவர் வந்து, இருநூற்று முப்பத்து மூன்று, ஆதாரம் இல்லாமல் எழுதாதே என்றார். இவரிடமும் ஆதாரம் இல்லை. அந்த இரண்டு ஆட்டத்துக்காக ஆறு மணி நேரம் சண்டை. குடும்பத்தை எல்லாம் இழுத்தார்கள்.

எதிர்ப்பு அணியும் கிளம்பியிருக்கிறது. "ஊதிப் பெருக்கப்பட்ட ஆள். உயரப் பந்துக்குக் கோல் கம்பத்தை விட்டு வெளிய வரவே மாட்டார்."

மாமா அதைப் படித்துவிட்டுப் போன் போட்டார். குரலே சரியில்லை.

"நான் எப்ப பாப்பா வெளிய வராம இருந்தேன்? யார் கூப்பிட்டாலும் அரை மணியில போய் நிக்கறேனா இல்லையா?"

"அது வேற மாமா."

"என்ன வேற. வாய்க்கு வந்ததைப் பேசறதா."

மார்ச் 12, வியாழன்

உண்மையைச் சொல்லிடலாமா?

சொன்னா என்ன ஆகும்? 'பொண்ணுக்கு என்ன தெரியும்'னு எல்லாரும் சொல்றதை நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆஃப்சைடு என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. பாஷை தெரியாத வர்ணனையை வச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்திப் பாத்து, கோடு போட்டுக் கத்துக்கிட்டேன். இப்பதான் முதல் தடவையா நாலு பேர் என்னை மதிச்சுப் பேசறாங்க. அதுவும் நான் மறந்துபோன ஒரு கட்டத்துக்காக.

சொல்லலைன்னா? உட்கார்ந்து பொய் சொல்லணும். சொல்ல வருமா? வரும்னு நெனைக்கறேன். எல்லாரும்தான் சொல்றாங்க.

மார்ச் 14, சனி

மாமா வந்தார். நாளைக்கு அவரைப் பற்றி என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"என்னமோ சொல்லு. அந்த உயரப் பந்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் தெளிவுபடுத்திடு."

மார்ச் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நாலு மணி. திரையில் மூன்று சதுரம். நடத்துகிறவர், லென்ஸ் அண்ணன், நான். ஒன்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். பத்து பேருக்கும் குறிப்பு எழுதி மேஜையில் வரிசையாக வைத்திருந்தேன். நாலரை வரைக்கும் அண்ணனின் மழைக் கதைதான். கடையில் சொன்னபோது வெறும் மழை. இன்று இடி, இரண்டு பெனால்டி, இரண்டையும் மாமா ஒரே கையால் தட்டிவிட்டார்.

நடத்துகிறவர் என் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க சொல்லுங்க. இந்த கோல்கீப்பர்கிட்ட உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

உயரப் பந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குறிப்புகள் கண்ணில் பட்டன. மூன்று வாரம். பத்து பேர். அரை மணி நேரத்தில் ஒருத்தரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

"அவர் எங்க மாமா," என்றேன். "ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றார். அந்தப் படத்துல அவர் பிடிக்கறது பந்து இல்ல, கம்ப்ரசர். பதினோரு வருஷத்துல ஒண்ணைக்கூடக் கீழ விட்டதில்ல. அதான் பிடிக்கும்."

நடத்துகிறவர் சிரித்தார். கலர்ப் படத்தைக் கேமராவுக்கு நேரே காட்டினேன். லாரி தெரிகிறது, பாதி கம்ப்ரசர் தெரிகிறது. கீழே கருத்துகள் ஓடின. "நல்லா எடிட் பண்ணியிருக்கா." "பெரிய மனுஷனைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு சொல்றா, இதெல்லாம் தேவையா."

அண்ணனுக்குக் கோபம்கூட இல்லை. வருத்தம்தான்.

"இதான் இந்தத் தலைமுறையோட பிரச்சினை. பட்டியல் போடறாங்க. அதுல இருக்கறவர் யாருன்னு அவங்களுக்கே தெரியல."

நடத்துகிறவர் ஆமாம் என்று தலையாட்டினார். என் சதுரம் கறுப்பாகிவிட்டது.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது நாற்காலி இருநூற்று முப்பத்து மூன்று என்று சொன்னவருக்குப் போய்விட்டது.

அப்பா ஆறுதல் சொன்னார்: "என்னை லெஃப்ட் பேக்கா போட்டிருந்தா இந்த அசிங்கம் வந்திருக்காது."

மார்ச் 20, வெள்ளி

கடையின் தண்ணீர் கூலர் நின்றுவிட்டது. முதலாளி ஆள் தேடினார். மாமாவை வரச் சொன்னேன். அரை மணியில் வந்து நின்றார். அதே கோடு போட்ட சட்டை, அதே உறை.

பழைய கம்ப்ரசர் ஒன்று பரணில் கிடந்தது. ஏறி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஸ்டூலில் ஏறியது லென்ஸ் அண்ணன். கீழே மாமா கையை விரித்துக் குனிந்து நின்றார். அப்படியே அந்தப் படம். நடுவில் ஒரு கை தூரம்தான். அண்ணன் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"பிடிச்சிருவீங்களா? பாத்தா நம்பிக்கை வரலையே."

"விடுங்க," என்றார் மாமா.

விட்டார். பிடித்தார்.

அண்ணன் இறங்கி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்குச் சொன்னியே, அந்த மாமா இவர்தானா? ஏம்மா, இவரைப் போய். தோளே இல்லையேம்மா."

மாமா காதில் விழுந்துவிட்டது. உறையைக் கழற்றிக்கொண்டே, "சார் அந்த கோல்கீப்பரைப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

"ஒரு கை தூரத்துல."

"எப்படி இருப்பார்?"

"மலை மாதிரி."

மாமா என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"உயரப் பந்துக்கு வெளிய வருவாரா சார்?"

"வருவாராவா? அவர் வர்றதைப் பாத்தா பந்தே திரும்பிப் போயிரும்."

வாசல் வரைக்கும் மாமாவுடன் போனேன். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "நல்ல மனுஷன் பாப்பா. விஷயம் தெரிஞ்சவர்."

மார்ச் 22, ஞாயிறு

நாலு மணிக்கு நேரலை ஓடியிருக்கும். பார்க்கவில்லை.

மாமா வந்திருந்தார். ஒரு ஆட்டம் முழுசாகப் பார்க்க வேண்டும், இதுவரை பார்த்ததில்லை என்றார். முடிந்ததும், உன் மத்த பத்து பேரும் யாரு என்று அவரே கேட்டார். குறிப்புகளை எடுத்து வந்து ஒவ்வொருவராகச் சொன்னேன். லெஃப்ட் பேக் வந்தபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "இவ்வளவு ஓடணுமா?" என்றார்.

நாலாவது ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டார். "இவங்களையெல்லாம் நீ நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல மாமா," என்றேன். "பதினொரு பேர்ல நான் நேர்ல பாத்தது உங்களை மட்டும்தான்."

சரி, மேலே சொல்லு என்றார். சொன்னேன். ஒரு மணி நேரம் போதவில்லை.