மடியில் அடங்கும் போன்

பிச்சாட்டூர், செவ்வாய் இரவு.

எழுத்தே தெரியவில்லை என்று என் சின்ன போனைத் தூக்கிப் போடச் சொல்லி மூன்று மாதமாக நச்சரித்த மகன் ஏழுமலை, இன்று அதற்காகவே கை நீட்டினான். கடலை வயலுக்கு மடை திருப்பக் குனிந்தபோது அவனுடைய பெரிய போன் சட்டைப் பையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கிவிட்டது, தொட்டால் அசையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது, கிணறு வற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் பெட்டியில் ஒரு சிம் இருக்கிறது, அதற்குப் போன் போட்டு நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். கிணறு மூன்று வயல் தள்ளி.

"நைனா, உன் போனு குடு! மோட்டார் எரிஞ்சிடும்!"

"எதுக்குடா? தூக்கிப் போடவா?"

மடியிலிருந்து எடுத்து, ஒற்றைக் கட்டைவிரலால் நானே நிறுத்தினேன். அவன் குனிந்து உடைந்த போனைப் பொறுக்கினான்.

அந்தச் சின்னத் திரையில் எழுத்து எனக்கும் தெரிவதில்லை. பொத்தானின் பச்சை நிறத்தைப் பார்த்துத்தான் அழுத்துகிறேன். அதை அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?